எண்ணெய் மிதக்காத நாளின் படம்

எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கும் இடைப்பட்ட கரைக்குக் காமிரா வந்த நாள்களைப் பட்டியலிடுவது எளிது. 2004 டிசம்பரில் சுனாமிக்கு வந்தது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தபோது வந்தது. 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியபோது மறுபடியும் வந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் தெருவில் ஓடியதையும் நாம் காமிரா வழியேதான் பார்த்தோம். 2017இன் படங்களையும் 2023இன் படங்களையும் கலைத்துப் போட்டுவிட்டு எது எந்த ஆண்டு என்று கேட்டால் சொல்வது கடினம். வாளியும் கறுத்த கைகளும் இரண்டிலும் ஒன்றுதான்.

இந்த நாள்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்பதற்குப் படம் குறைவு. விடியலில் எந்தப் படகு எந்த வாய்க்கால் வழியாக இறங்கியது, எந்த இடத்தில் யார் வலை கட்டினார்கள், ஏலம் எத்தனை மணிக்கு முடிந்தது, கருவாடு காய்ந்த மணல் எது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எப்படி அக்கரை போனார்கள் ஆகியவையெல்லாம் செய்தியாக ஆவதில்லை. இந்தக் கரையின் இளைஞர்கள் கையில் இப்போது கைபேசியும் சிலரிடம் நல்ல காமிராவும் இருக்கின்றன. அவர்கள் எதைப் படம்பிடிக்கிறார்கள், எதைப் பிடிக்காமல் விடுகிறார்கள் என்பதில் ரசனையோடு நிலமும் நீரும் கலந்திருக்கின்றன.

காட்டுப்பள்ளி ஒரு தீவு. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாற்றின் உப்பங்கழியும், தெற்கே எண்ணூர்க் கழிமுகம், வடக்கே பழவேற்காட்டு முகத்துவாரம். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் அடங்கிய இந்த மணல் திட்டில் காட்டுப்பள்ளி, காளாஞ்சி, கருங்காலி, கோரைக்குப்பம், வைரவன்குப்பம் என்று ஊர்கள். பாலம் வழியாக வண்டியில் வருபவருக்குத் தீவுக்குள் நுழைந்தது தெரியாது. கண்டெய்னர் லாரிகளின் வரிசையும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் மதில்களும்தான் முதலில் தெரியும். காமராசர் துறைமுகம் 2001இல் தொடங்கப்பட்டது. காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி நிறுவனம் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் அமைத்தது; துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. பழவேற்காடு ஏரிக்கு மேற்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை. வடக்கே ஆந்திர எல்லைக்குள், நெடுங்காலம் படகையே பேருந்தாகக் கொண்டிருந்த இருக்கம் தீவு. அதற்கும் அப்பால் ஸ்ரீஹரிகோட்டா.

இந்தக் கரையில் சட்டப்படி எடுக்கப்பட்டே தீரவேண்டிய படம் ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஒரு பெரிய திட்டத்துக்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் முழுவதையும் மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வீடியோ எடுத்து, அதன் பிரதியை நடவடிக்கைக் குறிப்போடு சேர்த்து அனுப்ப வேண்டும். மீனவர் அரசின் ஆவணத்துக்குள் காணொளியாக நுழைகிற வாசல் அதுதான். அங்கே அவர் பந்தலுக்குக் கீழே நின்று, மைக்கைப் பிடித்து, சில நிமிடங்களுக்குள் தன் பிழைப்பை விளக்க வேண்டியவர். அவருக்கு முன்னால் பல நூறு பக்க அறிக்கை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு அப்படியொரு கூட்டம் 2021 ஜனவரி 22க்குக் குறிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5க்கு மீண்டும் குறிக்கப்பட்டு அதுவும் ரத்தானது. அந்தச் சட்டப்படியான படம் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

வேடிக்கையை விட்டுவிட்டுப் பார்த்தால், கூட்டத்தில் பேசுகிற மீனவருக்குத் தேவைப்படுவது தன் சாதாரண நாளின் ஆதாரம். ஏனென்றால் கரையோர நிலமும் நீரும் நேரத்தைப் பொறுத்துப் பயன்படுகிறவை. காலை ஏழு மணிக்கு வலை உலர்த்துகிற இடத்தில் பத்து மணிக்குக் கருவாடு காயும், மாலையில் பிள்ளைகள் பந்தாடுவார்கள். செயற்கைக்கோள் படம் எடுக்கப்பட்ட கணத்தில் அது வெறும் மணல். சேற்றில் இடுப்பளவு இறங்கி இறால் தடவுகிற இருளர் பெண்கள் தண்ணீர் வற்றும் பொழுதில் வருவார்கள், ஏறும்போது போய்விடுவார்கள். அவர்களுடைய தொழிலிடத்துக்கு மதிலும் இல்லை, பட்டாவும் இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011, மீனவ ஊர்களையும் அவர்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் தளங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்கிறது. குறிப்பதற்கு யாராவது அவற்றைப் பார்த்திருக்க வேண்டும். எண்ணூர்க் கழிமுகமே இப்படிப் பார்வையிலிருந்து தப்பியது என்பது கழிமுகப் பாதுகாப்பு இயக்கத்தினரின் குற்றச்சாட்டு: 1996இல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருந்த கழிமுகம், பின்னர் மாநிலத்தில் புழங்கிய வரைபடத்தில் இல்லை என்று 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்ற ஆவணங்களைக் காட்டிச் சொன்னார்கள். ஆறும் கடலும் சேருமிடமே வரைபடத்தில் மறையக்கூடுமென்றால் கருவாட்டுக் களம் எம்மாத்திரம்.

அன்றாடத்தைப் படமாக்குவது எளிது என்று தோன்றும். தீவுகளைப் பற்றிய புகழ்பெற்ற படமே அந்த இடத்தில் சறுக்கியிருக்கிறது. ராபர்ட் ஃபிளாஹர்ட்டி அயர்லாந்தின் மேற்குக் கரைத் தீவுகளில் எடுத்த ‘மேன் ஆஃப் ஏரன்’ 1934இல் வெளிவந்தது. பாறையில் மண் சேர்த்து உருளைக்கிழங்கு பயிரிடுகிற, சின்னப் படகில் பிரம்மாண்டமான சுறாவை ஈட்டியெறிந்து பிடிக்கிற குடும்பம் அதில் வருகிறது. அந்தச் சுறா வேட்டையைத் தீவுக்காரர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டார்கள். படத்துக்காக அவர்களுக்கு ஈட்டியெறியக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் குடும்பமும் தனித்தனி வீடுகளிலிருந்து பொறுக்கிச் சேர்க்கப்பட்டது. படம் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்து அந்தத் தீவுக்காரருக்கு வாடகை எவ்வளவு, நிலம் யாருடையது, மீனை யார் வாங்கினார்கள் என்று ஒன்றும் அறிய முடியாது.

நம் கரையில் அந்தச் சுறாவின் இடத்தில் இருப்பது பூநாரை. பழவேற்காட்டைப் பற்றிய படம் என்றால் பூநாரைக் கூட்டம் எழும்புவதில் தொடங்கி, டச்சுக் கல்லறையின் எலும்புக்கூட்டுச் சிற்பத்தில் நின்று, பாய்மரம் கட்டிய படகுக்குப் பின்னால் சூரியன் மறைவதில் முடியும். ட்ரோன் வந்தபிறகு இது இன்னும் மோசமாகிவிட்டது; மேலேயிருந்து பார்த்தால் எல்லாத் தண்ணீரும் அழகு. இந்தப் படங்களில் கம்பெனி பஸ் வருவதில்லை.

கம்பெனி பஸ்தான் இன்றைய தீவின் அன்றாடம் என்று நான் நினைக்கிறேன், அல்லது அதில் பாதி. அண்ணன் கடலுக்குப் போகிற வீட்டில் தம்பி கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறான். துறைமுகத்திலும் கப்பல் தளத்திலும் மின்நிலையத்திலும் கான்ட்ராக்ட் வேலை. கொஞ்சம் படித்தால் கும்மிடிப்பூண்டி. கப்பல் தளத்துக்காக இடம்பெயர்ந்த காட்டுப்பள்ளிக்குப்பத்து மீனவர்கள் வேலை நிரந்தரம் கேட்டுப் பல முறை போராடியிருக்கிறார்கள். மீன் கிடைக்காத மாதத்தில் சம்பளமும், கான்ட்ராக்ட் முடிந்த மாதத்தில் மீனுமாக வீடு ஓடுகிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதீர்கள் என்று பழவேற்காட்டு மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். உலகம் தலையை உயர்த்தி வானத்தைப் பார்க்கிற அந்த நாளில் கரையில் சும்மா கிடக்கிற படகுகளை யாராவது எடுத்தால் அதுவே ஒரு படம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு. அப்போது சின்னப் படகுக்காரருக்குக் கிடைக்கிற விலை வேறு. வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரம் திறந்து, கோடையில் மணல் மூடினால் ஏரியின் உப்பும் மாறும், இறாலும் மாறும். ஒரே வாரம் தங்கி எடுத்த படத்தில் இவற்றில் எதுவும் அகப்படாது. உள்ளூர்ப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே பெரிய வசதி, அவன் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கிறான் என்பது.

வெளியிலிருந்து வந்த படங்கள் வீண் என்று சொல்லவில்லை. 2017 ஜனவரியில் வெளியான ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ எண்ணூர் என்ற பெயரைச் சபாக்களுக்குக் கொண்டுபோனது. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடி, ரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கிய அந்தக் காணொளி ஒரு பிரச்சாரப் படம்; அந்த வேலையை அது நன்றாகச் செய்தது. லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ தனுஷ்கோடி மீனவர்களையே நடிக்க வைத்தது. தணிக்கைக் குழு மறுத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011இல் அனுமதித்த பிறகே திரைக்கு வந்தது. இவ்விரண்டிலும் கரை மக்கள் இருக்கிறார்கள், ஆனால் எந்தக் காட்சி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் அவர்கள் அல்லர்.

அந்தத் தீர்மானம் கைமாறுவதற்கு அருகில் வருகிறது எம். பழனி குமாரின் வேலை. மதுரையில் மீன் விற்ற அம்மாவின் பிள்ளை, மலம் அள்ளும் தொழிலாளரைப் பற்றிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர், பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ ஆவணக்காப்பகத்தின் ஒளிப்படக்காரர். கொசஸ்தலையாற்றில் கையால் இறால் தடவி, பல்லில் கடித்துப் பிடித்த ஓலைப்பறிக்குள் போடுகிற இருளர் பெண்ணைப் பற்றிய அவருடைய பதிவில் எண்ணூரின் மாசு வெறும் செய்தியாக இல்லை. அந்தப் பெண்ணின் கையில் அது இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அவர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் காமிராவைக் கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறார். வெளியாள் எடுத்தால் வலையைத் தூக்கிப் பிடித்து நிற்கிற அப்பா, மகள் எடுக்கும்போது அசந்து தூங்குகிறார். தூங்குகிற அப்பாவின் படத்தில் ராத்திரி முழுவதும் கடலில் இருந்தவரின் பகல் தெரிகிறது.

இந்தக் கைமாற்றத்துக்கு உலகில் பெயர்பெற்ற முன்னுதாரணமும் ஒரு தீவில்தான் நடந்தது. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உள்ள ஃபோகோ தீவில் 1967இல் ஏறக்குறைய 5,000 பேர், சிதறிய ஊர்கள், தேய்கிற மீன்பிடித் தொழில். மக்களை வேறிடத்துக்குப் பெயர்ப்பதுதான் வழி என்ற பேச்சு அரசில் வலுத்திருந்தது. தேசியத் திரைப்பட வாரியத்தின் காலின் லோ அங்கே போனார். வழக்கமான ஆவணப்படம்போல ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, ஐந்து பேர் பேசியதை வெட்டி ஒட்டி வாதமாக்க முதலில் நினைத்தவர், அப்படிச் செய்தால் ஒரு ஊரார் இன்னொரு ஊராரோடு மோதுவதுபோல ஆகும் என்று கண்டார். அதனால் ஒரு படத்தில் ஒரே ஆள் அல்லது ஒரே நிகழ்ச்சி என்று வைத்துக்கொண்டார். இருபத்தேழு சிறுபடங்கள். ஒரு கல்யாணம், ஒரு விருந்து, தொழில் விழுந்து தீவை விட்டுப் போகிற பில்லி கிரேன் என்ற மீனவர், பிள்ளைகள் வெறுமனே விளையாடுகிற ‘தி சில்ட்ரன் ஆஃப் ஃபோகோ ஐலண்ட்’. எடுத்ததை முதலில் எடுக்கப்பட்டவருக்கே காட்டினார்கள்; வேண்டாம் என்றால் நீக்கினார்கள். பிறகு தீவின் மற்ற ஊர்களில் திரையிட்டார்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள், அடுத்த ஊர்க்காரர் திரையில் சொன்னதைப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார்கள். கடைசியில் அரசிடம் காட்டி, மீன்வளத்துறை அமைச்சரின் பதிலையும் படம்பிடித்துத் தீவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

ஃபோகோ மக்கள் இடம்பெயரவில்லை. கப்பல் கட்டும் கூட்டுறவும் மீன் கூட்டுறவும் உருவாயின. படம்தான் தீவைக் காப்பாற்றியது என்று சொல்வது மிகை. உள்ளூர் முன்னேற்றக் குழுவும் மெமோரியல் பல்கலைக்கழகத்தின் களப்பணியாளர் பிரெட் எர்ளும் அதற்கு முன்பே அங்கே உழைத்திருந்தார்கள். படம் அந்த உழைப்புக்குக் கண்ணாடி பிடித்தது. இந்த முறையை வகுத்தவர்களில் ஒருவரான டொனால்ட் ஸ்னோடன் அதைப் பல நாடுகளுக்கு எடுத்துச் சென்றார். அவர் 1984இல் இறந்தது இந்தியாவில்.

ஃபோகோவிலிருந்து காட்டுப்பள்ளிக்கு அப்படியே பெயர்க்கக்கூடியது ஒன்றுதான்: எடுக்கப்பட்டவருக்கே முதலில் காட்டுவது. மற்றதில் சிக்கல் இருக்கிறது. அங்கே இல்லாத ஒன்று இங்கே சாதி. பழவேற்காடு ஏரியின் தென்பகுதியில் ‘பாடு’ என்ற முறை நெடுங்காலமாக இருக்கிறது. கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள் (குடும்பத் தலைவர்கள்) முறைவைத்துச் சுத்துவலை கட்டுவார்கள். இன்ன நாள் இன்ன ஊருக்கு, ஊருக்குள் இன்ன இடம் இன்னாருக்கு என்று சீட்டுப் போட்டுத் தீர்மானம். செபாஸ்டியன் மேத்யூ இதை ஆராய்ந்து எழுதியதை உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1991இல் வெளியிட்டது. அரசு இல்லாமலேயே ஒரு நீர்நிலையைப் பங்கிட்டு, எல்லாரும் ஒரே இடத்தில் அள்ளிவிடாமல் காத்த ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் இதை மெச்சுவார்கள். நியாயம்தான். ஆனால் அந்தப் பங்குக்குள் பட்டினவர் என்ற மீனவச் சாதியினருக்கு இடமுண்டு. ஏரியையே நம்பியிருக்கிற இருளருக்கும் தலித் மீனவருக்கும் இல்லை. வழக்கும் கைகலப்பும் இதனால் நடந்ததுண்டு.

இதைப் படம்பிடிக்கப் போகிற இருபது வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். ஊர்ப் பஞ்சாயத்து அனுமதி தராமல் சீட்டுக் குலுக்கும் இடத்தில் காமிரா வைக்க முடியாது. அனுமதி தந்தால், ஊர் ஒற்றுமையாக இருப்பதைக் காட்டு என்பார்கள். துறைமுகத்தை எதிர்க்கிற நேரத்தில் உள்சண்டை வெளியே தெரியக் கூடாதென்ற அச்சம் அதில் உண்டு, அதையும் அற்பமென்று தள்ள முடியாது. அவனுடைய பெரியப்பாவே தலைக்கட்டாக இருப்பார். பிரச்சாரப் படத்தில் இந்த இக்கட்டு வராது, ஏனென்றால் அங்கே மக்கள் ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம். அன்றாடத்தை எடுக்கப் போனால்தான் மக்களே பல பக்கம் என்பது தெரியவரும். காலின் லோ ஒரு படத்தில் ஒரு ஆள் என்று வைத்ததன் அர்த்தம் இங்கே கூடுதலாகப் பொருந்துகிறது என்று எனக்குப் படுகிறது: பாடு உள்ள ஒருவரின் ஒரு நாளையும், பாடு இல்லாத ஒருவரின் ஒரு நாளையும் வெட்டாமல் தனித்தனிப் படமாக எடுத்து இரண்டையும் இரு தரப்புக்கும் காட்டலாம். தீர்ப்பு சொல்லுகிற வேலை எடுப்பவருக்கு வேண்டாம்.

தமிழகக் கடற்கரையில் மீனவர்கள் தாங்களே நடத்தும் யூடியூப் சேனல்களைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. மூக்கையூரிலிருந்து வருகிற ‘உங்கள் மீனவன்’ போன்றவை, வலை பின்னுவதையும் நடுக்கடலில் குழம்பு வைப்பதையும் நகரத்து ஆள்கள் விரும்பிப் பார்க்கும்படி ஆக்கின. ஆவணப்படக்காரர்கள் இவற்றைச் சற்றுக் கீழாகப் பார்ப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த வலையில் எந்த மீன் எந்த மாதம் என்ற தகவல் இவற்றில் மலிந்து கிடக்கிறது. குறை வேறு. பார்வையாளர் எண்ணிக்கை பெரிய மீனை விரும்பும், வெறும் வலையை விரும்பாது. எண்ணூர், பழவேற்காட்டுக் கரையில் வெறும் வலைதான் செய்தி. பெண்களும் இந்தப் படங்களில் அபூர்வம், ஏலத்திலும் கூடை தூக்குவதிலும் கருவாட்டிலும் பாதி வேலை அவர்களுடையது என்றாலும். காமிரா படகில் ஏறுகிறது, பெண் படகில் ஏறுவதில்லை.

பிறகு, கோப்புகளின் கதி. புலனத்தில் அனுப்பிய காணொளி சுருங்கிவிடும். எடுத்த தேதி, இடம் போன்ற உள்தகவல்களும் அதோடு உதிர்ந்துபோகும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் வேண்டும்; அதில் கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் எண்கோவையும் கேட்கப்படுகிறது. மூலக் கோப்பு வைத்திருப்பவருக்குத்தான் இது சாத்தியம். கரையில் கைபேசிகள் உப்புத் தண்ணீரில் விழும், நினைவகம் நிறைந்தால் பழையதை அழிப்பார்கள், அழிக்கிறபோது முதலில் போவது சாதாரண நாள்.

ஸ்ரீஹரிகோட்டா ஊர்கள் விண்வெளி மையத்துக்காக 1970ஐ ஒட்டிக் காலியாயின. அங்கிருந்து வந்தவர்கள் பழவேற்காட்டைச் சுற்றிக் குடியேறினார்கள். அந்தத் தீவில் ஒரு காலைப்பொழுது எப்படியிருந்தது என்று இன்று கேட்டால் முதியவர்களின் நினைவைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. காட்டுப்பள்ளிக்கு அப்படி ஆகாமல் இருக்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது. இரண்டில் ஒன்று ஒரு கணினியையும் இரண்டு வன்தட்டுகளையும் ஒதுக்கி, மாதம் ஒருமுறை குப்பத்துப் பிள்ளைகளின் மூலக் கோப்புகளை வாங்கி வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: எடுத்தவர், எடுக்கப்பட்டவரின் சம்மதம், ஊர், கரையா ஏரியா கடலா, தண்ணீர் ஏற்றமா வற்றலா, என்ன வலை, எவ்வளவு கிடைத்தது. எதுவும் கிடைக்கவில்லையென்றால் அதையும் எழுத வேண்டும்.